பார்த்தேன் வடை

ஜூன் 12, திங்கள்

முப்பத்தெட்டு வயதில் மறுபடி கோட் எழுதக் கற்றுக்கொள்ளப் போகிறேன். இந்த வரலாற்றை யாராவது எழுதிவைக்க வேண்டாமா? யாரும் முன்வரவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். டைரி என் வீட்டுக்காரருக்கு மின்வாரிய ஆபீசில் யாரோ கொடுத்தது. ஜனவரி முதல் மே வரை பக்கத்துக்கு ஒன்றாக மகள் நறுமுகை யானை வரைந்திருக்கிறாள். எல்லா யானைக்கும் என் முகஜாடை என்கிறார் இவர்.

சென்னையில் ஏழு வருஷம் சாஃப்ட்வேர் கம்பெனி. கடைசி இரண்டு வருஷம் டீம் லீட். டீம் லீட் என்றால் கோட் எழுத வேண்டாம், எழுதுகிறவர்களிடம் போய் "எப்ப முடியும்?" என்று கேட்டால் போதும். அதில் நான் பெரிய கெட்டிக்காரி. பிறகு நறுமுகை பிறந்தாள், திருச்சிக்கு வந்துவிட்டோம். ஆறு மாசத்தில் திரும்பி வேலைக்குப் போய்விடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். ஒன்பது வருஷம் ஆகிறது.

இப்போது ஒரு கோயம்புத்தூர் கம்பெனி திருச்சியில் கிளை திறக்கிறது. பட்டம் கேட்கவில்லை, வயது கேட்கவில்லை, "நடுவில் ஒன்பது வருஷம் என்ன செய்தீர்கள்?" என்றும் கேட்கவில்லை. ஜூலை 16 அன்று ஆன்லைனில் ஒரு போட்டி. மூன்று புதிர். மூன்றையும் போட்டவர்களுக்கு நேராக இன்டர்வியூ. இந்த வேலை எனக்கு வேண்டும். வேடிக்கையாக எழுதிக்கொண்டிருந்தாலும் இதை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்: இந்த வேலை எனக்கு ரொம்ப வேண்டும்.

நாளை முதல் உறையூரில் ஜெனிட்டாவின் டியூஷன் சென்டரில் காலை ஆறரைக்குக் கூடுகிறோம்.

ஜூன் 13, செவ்வாய்

நாங்கள் மூன்று பேர். ஜெனிக்கு முப்பத்தொரு வயது, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லித் தருகிறாள். வேலை தேடவில்லை. மற்றவர்கள் குறுக்கெழுத்து போடுவது மாதிரி அவள் அல்காரிதம் போடுகிறாள். வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. இன்னொருவன் தவசீலன், எல்லோருக்கும் தவசி. இருபத்தாறு வயது. ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறான். படித்தது டிப்ளமோ. இன்ஜினியரிங் இல்லை என்பதால் இவனுடைய விண்ணப்பத்தை எந்தக் கம்பெனியும் இரண்டாவது பக்கம் திருப்பியதில்லையாம். "எனக்கு ஒரே பக்கம்தான்க்கா, அதையும் திருப்பல" என்று சிரிக்கிறான்.

விதியெல்லாம் ஜெனி நேற்றே போன் குரூப்பில் போட்டுவிட்டாள். மதியமே மறுநாள் புதிரைப் போட்டுவிடுவாள். வீட்டில் யோசித்துவிட்டு வர வேண்டும். காலையில் லேப்டாப்பைத் தொடும் முன்பு போர்டில் நின்று வாயால் சொல்ல வேண்டும், தமிழில், பத்தாம் வகுப்புப் பையனுக்குப் புரிகிற மாதிரி. புதிரெல்லாம் அந்தக் கம்பெனியின் பயிற்சி வெப்சைட்டில் இருப்பவை, அங்கே ஒவ்வொரு புதிருக்குக் கீழேயும் விடை இருக்கும். அதைப் பார்ப்பது குற்றம் இல்லை. பார்த்தால், வந்ததும் "பார்த்தேன்" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு எல்லோருக்கும் கீழே டீக்கடையிலிருந்து உளுந்து வடை வாங்கி வர வேண்டும். இதற்குப் பெயர் பார்த்தேன் வடை.

இன்றைக்குத் தவசி வடைப் பொட்டலத்தோடுதான் மாடியேறி வந்தான். கொஞ்சமும் வெட்கமில்லை. "பார்த்தேன், பார்த்தேன்" என்று கோயில் பிரசாதம் மாதிரி நீட்டினான்.

நான் பார்க்கவில்லை. போடவும் இல்லை. வடை மட்டும் இரண்டு சாப்பிட்டேன்.

ஜூன் 16, வெள்ளி

எனக்கு எதுவும் ஞாபகமில்லை. அடைப்புக்குறி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்கும் புரோகிராமுக்கு ஒன்றே கால் மணி நேரம். கடைசியில் நானே ஒன்றை மூடாமல் விட்டிருந்தேன்.

கேஸ் தீர்ந்துவிட்டது. அதையாவது கண்டுபிடித்தேன்.

ஜூன் 20, செவ்வாய்

இன்றைய புதிர்: ஒரு எண் வரிசை இருக்கிறது. கூட்டினால் பத்து வருகிற இரண்டு எண்ணை எடு, சீக்கிரமாக எடு.

தவசி போர்டுக்குப் போனான். "கடைக்கு ஒருத்தர் வர்றார். பத்தடி பைப்பு வேணும், ரெண்டு துண்டு ஜாயின்ட் போட்டுக்கறேங்கறார். நான் துண்டையெல்லாம் நீளப்படி அடுக்கி வச்சிருக்கேன். இடது கையை இருக்கறதுலயே குட்டைத் துண்டு மேல வப்பேன், வலது கையை நெட்டைத் துண்டு மேல. ரெண்டும் சேர்ந்து பத்தடிய தாண்டுதா, வலது கைய ஒண்ணு உள்ள தள்ளு. பத்துக்குக் கம்மியா, இடது கைய ஒண்ணு தள்ளு. ரெண்டு கையும் முட்டறதுக்குள்ள கிடைச்சா உண்டு, இல்லன்னா அண்ணே பக்கத்துக் கடை பாருங்கன்னு அனுப்பிட வேண்டியதுதான்."

ஜெனி கைதட்டினாள். எனக்கு வயிற்றெரிச்சல். இதை நான் கல்லூரியில் படித்து, பரீட்சை எழுதி, முதல் வகுப்பில் பாஸும் செய்திருக்கிறேன். இவன் பைப்பு அடுக்கிக் கண்டுபிடிக்கிறான்.

இன்னொன்று. இவன் எழுதும் எல்லா புரோகிராமிலும் முதல் வரி u என்று ஒரு பெயர், அதன் மதிப்பு பூஜ்யம். கீழே எங்கேயும் அந்த u வராது. எதற்கு என்று கேட்டேன். "பிள்ளையார் சுழிக்கா. உ போடாம எதையும் எழுதிப் பழக்கமில்ல, கடை பில்லுலகூட. தமிழ்ல போட்டா கம்ப்யூட்டர் கோவிச்சுக்குது. அதான் இங்கிலீஷ் உ." ஜெனி தலையில் அடித்துக்கொண்டாள். "வேலைக்கு ஆகாத வரி எதுக்குடா?" "வேலைக்கு ஆகும்க்கா, தைரியத்துக்கு."

ஜூன் 22, வியாழன்

மதியம் புதிரின் தலைப்பை மட்டும் பார்க்கலாம் என்று திறந்தேன். பக்கம் தானாகக் கீழே போய்விட்டது. இந்த டச்பேட் சரியில்லை.

ஜூன் 23, வெள்ளி

போர்டில் நான்தான் முதலில் சொன்னேன். ஒரு தடங்கல் இல்லை. ஜெனி, "அடேயப்பா அமுதாக்கா! பழைய டீம் லீட் முழிச்சுக்கிட்டாங்க போல" என்றாள். தவசி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குள் ஒரே மிதப்பு. கீரைக்கட்டு வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 29, வியாழன்

டச்பேடை இன்னும் சரிசெய்யவில்லை.

ஜூலை 4, செவ்வாய்

ஒரு வாரமாக நான்தான் முதல். தவசிக்கு என் மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது. "அக்கா, இதெல்லாம் எப்படிக்கா டக்குனு தோணுது?" என்று கேட்டான். "அனுபவம்தான் தம்பி" என்றேன். சொன்ன உடனே எனக்கு வடை தொண்டையில் மாட்டியது. வடை அவன் வாங்கி வந்தது. ஒரு புதிரில் பாதி விடையைப் பார்த்தானாம், அதனால் ஆளுக்கு ஒன்றுதான் வாங்கினேன் என்றான். இந்த மூன்று வாரத்தில் நான் ஒரு நாளும் வடை வாங்கவில்லை. முப்பத்தெட்டு வயதில், ஒரு முன்னாள் டீம் லீட், பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறி "பார்த்தேன்" என்று சொல்வதாவது. பார்க்க நன்றாகவா இருக்கும்?

பள்ளிக்கூடத்தில் நறுமுகைக்குப் பேச்சுப் போட்டி. தலைப்பு: நேர்மை. எழுதிக் கொடு என்றாள். அப்பாவிடம் கேள் என்றேன்.

ஜூலை 15, சனி

நாளைக்குப் போட்டி. தவசி தங்கியிருக்கும் ரூமில் நெட் நிற்காது. அதனால் மூன்று பேரும் டியூஷன் ஹாலிலேயே ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவது, பேசுவது கிடையாது என்று முடிவாகியிருக்கிறது. இவர் என்னிடம், "பயமா இருக்கா?" என்றார். "எனக்கென்ன பயம்?" என்றேன். இட்லி மாவில் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 16, ஞாயிறு

மூன்றும் போட்டுவிட்டேன்.

போட்டி பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை. முதல் இரண்டு புதிரும் சுலபம், நானே போட்டேன். மூன்றாவது: ஒரு ஊரில் மின்கம்பங்கள், அவற்றுக்கிடையே கம்பிகள். எந்தெந்தக் கம்பி அறுந்தால் ஊரில் ஒரு பகுதி இருட்டாகும்? இவரிடம் சொன்னபோது, "இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டர்? எங்க லைன்மேனைக் கேட்டா தூக்கத்துல சொல்லுவார்" என்றார்.

பதினொன்றே முக்கால் வாக்கில் தவசிக்குப் போன். கடை முதலாளி. ஞாயிற்றுக்கிழமையில் கம்பி லோடு வந்து நிற்கிறதாம், பில் போட ஆளில்லை. தவசி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான், நடக்கவில்லை. மூன்றாவதை எழுதி முடித்துவிட்டான், சரிபார்ப்பதுதான் பாக்கி. தப்பாக அனுப்பினால் மார்க் குறைப்பார்கள் என்று அவன் எதையும் மூன்று தடவை சரிபார்க்காமல் அனுப்ப மாட்டான். "அக்கா, இருபது நிமிஷத்துல வந்துடறேன். சார்ஜர் ஒயர் லூசு, அசைஞ்சா ஆஃப் ஆயிடும். கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான். ஜெனி முன் பெஞ்சில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

பார்த்துக்கொண்டேன்.

பன்னிரண்டு ஐந்துக்கு எனக்கு மூன்றாவது புதிர் சட்டென்று பிடிபட்டது. அனுப்பினேன். தவசி வியர்க்க விறுவிறுக்க வந்து, சரிபார்த்து, பன்னிரண்டு இருபதுக்கு அனுப்பினான். ஜெனிக்கு இரண்டுதான் வந்தது. மூன்று பேரும் கீழே போய்க் கரும்புச்சாறு குடித்தோம். எனக்கு மட்டும் இறங்கவில்லை. ஐஸ் அதிகம் போட்டிருந்தான்.

ஜூலை 17, திங்கள்

தவசி போர்டில் மூன்றாவதை விளக்கினான். "ஒரு ஆளை ஊருக்குள்ள நடக்க விடறோம். கம்பத்துக்குக் கம்பம், போற வரிசையில ஒண்ணு ரெண்டு மூணுன்னு நம்பர் போட்டுக்கிட்டே போறான். ஒவ்வொரு கம்பத்துலயும் ஒரு கேள்வி: வந்த கம்பிய விட்டுட்டு வேற வழியா பழைய கம்பத்துக்குத் திரும்ப முடியுமா? முடிஞ்சா அந்தக் கம்பி அறுந்தாலும் பிரச்சினை இல்ல. வேற வழியே இல்லன்னா அதான் உயிர்க் கம்பி."

"நானும் இப்படித்தான் யோசிச்சேன்" என்றேன். "தெரியும்க்கா" என்று சந்தோஷமாகச் சொன்னான்.

நல்ல விளக்கம். இப்போதுதான் எனக்கே புரிந்தது.

ஜூலை 19, புதன்

மெயில் வந்துவிட்டது. என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். 31ஆம் தேதி. இவர் பால்கோவா வாங்கி வந்தார். நறுமுகை டைரியில் இன்னொரு யானை வரைந்து, அதன் கழுத்தில் ஆபீஸ் அட்டை மாட்டியிருக்கிறாள்.

தவசிக்கும் மெயில் வந்தது. அவனுடைய மூன்றாவது விடை, அவனுக்கு முன்பே அனுப்பிய வேறொருவரின் விடையோடு, உள்ளே வைத்த பெயர்கள் தவிர, அப்படியே பொருந்துகிறதாம். முதலில் அனுப்பியவருடையது ஏற்கப்படும், பின்னால் அனுப்பியவர் நீக்கப்படுவார். மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுத வேண்டும். அந்த வேறொருவர் யார் என்று மெயிலில் இல்லை.

கம்பெனிக்காரர்களும் என்ன செய்வார்கள், அவர்களுக்குத் தெரிந்தது நேரம் ஒன்றுதான்.

ஜூலை 20, வியாழன்

காலையில் தவசி வந்தான். கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "யாரோ எனக்கு முன்னாடியே அதையே எழுதியிருக்காங்கக்கா. என்னை மாதிரியே யோசிக்கற ஆளு ஒருத்தர் இருக்கார்னு நினைச்சா ஆச்சரியமா இருக்கு. பாத்தா கை குடுக்கணும்" என்றான். பிறகு, "எனக்கு இங்கிலீஷ் வராது. நான் காப்பி அடிக்கலன்னு ஒரு மெயில் எழுதித் தர்றீங்களா? உங்களுக்குத்தான் இதெல்லாம் கோர்வையா வரும்" என்றான்.

எழுதிக் கொடுத்தேன். பிரமாதமான மெயில். பணிவு இருந்தது, கண்ணியம் இருந்தது, இலக்கணம் இருந்தது. உண்மை ஒரே ஒரு வரிதான், அது மட்டும் இல்லை.

தவசி கடைக்குக் கிளம்பிய பிறகு ஜெனி போர்டை அழித்துக்கொண்டே, "அமுதாக்கா, நீங்க மூணாவதை எத்தனை மணிக்கு அனுப்புனீங்க?" என்று கேட்டாள்.

"ஞாபகம் இல்ல ஜெனி."

"ம்" என்றாள்.

மதியம் இன்டர்வியூவுக்குத் தயார் செய்ய உட்கார்ந்தேன். நாம் எழுதியதை வைத்துத்தான் கேள்வி கேட்பார்கள் என்று மெயிலில் இருக்கிறது. என் மூன்றாவது விடையைத் திறந்தேன். அன்றைக்கு அவசரத்திலும் மூளை வேலை செய்திருக்கிறது, பாருங்கள். அவன் வைத்த எல்லாப் பெயரையும் மாற்றியிருந்தேன். அவன் கம்பம் என்று வைத்ததை நான் ஊர் என்று வைத்திருந்தேன், அவன் ஆள் என்றதை நான் பயணி என்று. பதினோரு பெயர்.

முதல் வரி: u. பூஜ்யம்.

அதை மட்டும் மாற்றவில்லை. ஒரு மாசமாகத் தினமும் பார்த்துப் பார்த்து அது என் கண்ணில் படுவதே இல்லை. பிள்ளையார் சுழியைக்கூட விடாமல் திருடியிருக்கிறேன். காப்பி அடிப்பதில்கூட டீம் லீட் தரம் இல்லை.

எழுதிவிட்டேன் அல்லவா. திருடியிருக்கிறேன் என்று எழுதிவிட்டேன். ஜூன் 22இலிருந்து டச்பேட் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

ஜூலை 21, வெள்ளி

காலையில் போகவில்லை. தலைவலி என்று குரூப்பில் போட்டேன். பரண் ஒழித்தேன். மிக்ஸி ஜாடியை எலுமிச்சம்பழத் தோல் போட்டுத் தேய்த்தேன். நறுமுகையின் யூனிஃபார்மில் கழன்றே இராத பொத்தானை ஒரு தடவை பிரித்துத் தைத்தேன்.

நடுநடுவே எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். தவசிக்கு வயது இருக்கிறது, வேறு போட்டி வரும். எனக்கு வராது. அவன் அனுப்பிய மறுப்பை ஏற்றாலும் ஏற்பார்கள். நான் என்ன முழுவதையுமா எடுத்தேன், இரண்டு நானே போட்டேன். ஒவ்வொரு வாதமும் நன்றாகத்தான் இருந்தது. எதை யோசித்தாலும் "பாத்தா கை குடுக்கணும்" என்று அவன் சொன்னது வந்து நிற்கிறது.

இவர் சாப்பிட வந்தபோது சொல்லிவிட்டேன். ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"சொன்னா வேலை போயிடும்ல?"

"போயிடும். ஒரு வருஷத்துக்கு உள்ளயே விட மாட்டாங்க."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா வேலை கிடைச்சுடும். அதான் பயமா இருக்கு."

இவர் மோர் ஊற்றிக்கொண்டார். "அப்ப உனக்கே தெரிஞ்சிருக்கு. என்னை எதுக்குக் கேக்கற?" என்றார்.

அவர் போன பிறகு உட்கார்ந்து மெயில் எழுதினேன். நேற்றைய மாதிரி கோர்வையாக வரவில்லை. மூன்றாவது விடை என்னுடையது அல்ல, தவசீலனுடையது. அவர் வெளியே போயிருந்தபோது பார்த்து எழுதினேன். ஆதாரம் வேண்டுமானால், உங்கள் பயிற்சிப் பக்கத்தில் அவர் போட்ட எல்லா விடையிலும் முதல் வரியைப் பாருங்கள், பிறகு என்னுடையவற்றில் பாருங்கள். அந்த வரி என்னுடைய ஒரே ஒரு விடையில்தான் இருக்கும். இவ்வளவுதான் எழுதினேன். சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷத்துக்கு அனுப்பினேன். காலையில் அனுப்பலாம் என்று வைத்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

அழுதேன். வேலைக்காகத்தான் அழுதேன், நல்லது செய்ததற்காக இல்லை. டைரியிலாவது பொய் வேண்டாம்.

ஜூலை 22, சனி

டீக்கடைக்காரர், "என்னம்மா, நீங்களா வாங்குறீங்க?" என்று கேட்டார். அவருக்கே தெரிந்திருக்கிறது.

மாடியில் தவசியும் ஜெனியும் இருந்தார்கள். பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்தேன். "பார்த்தேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னேன்.

தவசி சிரித்தான். "அப்பாடா, அக்காவும் நம்ம ஜாதியில சேந்துட்டாங்க. எந்தக் கணக்குக்கா, இன்னைக்கு உள்ளதா?"

"இல்ல தம்பி. கரண்ட் கம்பி. ஞாயித்துக்கிழமை, நீ கடைக்குப் போனப்ப. உனக்கு முன்னாடி அனுப்புன ஆளு நான்தான். நேத்து கம்பெனிக்கு எழுதிட்டேன்."

அவன் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அப்படியே இருந்து, பிறகு மெதுவாகப் போனது. "பாத்துக்கங்கன்னு உங்ககிட்டதானேக்கா சொல்லிட்டுப் போனேன்" என்றான். சார்ஜரைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். ஜெனி ஒரு வடையை எடுத்துக் கடித்தாள். "வடை நல்லா இருக்கு. நீங்கதான் நல்லா இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உக்காருங்க" என்றாள்.

ஜூலை 24, திங்கள்

தவசி வரவில்லை.

ஜூலை 25, செவ்வாய்

வரவில்லை. ஆனால் மெயில் வந்தது, அவனுக்கும் எனக்கும். அவன் மேல் இருந்த தடையை நீக்கிவிட்டார்கள், 31ஆம் தேதி இன்டர்வியூ. நான் ஒரு வருஷத்துக்கு அவர்களுடைய எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ள முடியாது. நேர்மையாகத் தெரிவித்ததற்கு நன்றி என்று கடைசியில் ஒரு வரி. நறுமுகையின் பேச்சுப் போட்டிக்கு அனுப்பலாம்.

கழுத்தில் அட்டை போட்ட யானையைப் பார்த்துவிட்டு, "அம்மா, எப்ப வேலைக்குப் போற?" என்று கேட்டாள். போகவில்லை என்றேன். ஏன் என்றாள். "இன்னொருத்தர் எழுதுனதைப் பாத்து எழுதிட்டேன்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மிஸ்கிட்ட நீயே சொல்லிட்டியா?" "சொல்லிட்டேன்." "அப்ப அடிக்க மாட்டாங்க" என்று சமாதானம் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

ஜூலை 28, வெள்ளி

காலையில் நானும் ஜெனியும் மட்டும் இருந்தோம். செருப்புச் சத்தம் கேட்டது. தவசி வாசலிலேயே நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை, போர்டைப் பார்த்துப் பேசினான்.

"திங்கக்கிழமை இன்டர்வியூ. இங்கிலீஷ்ல கேப்பாங்க. எனக்குக் கணக்கு வரும், சொல்ல வராது. நீங்க உக்காந்து கேள்வி கேக்கணும். டீம் லீட் கேக்கற மாதிரி கேக்கணும்."

"கோவம் போயிடுச்சா தம்பி?"

"இல்லக்கா. இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும், நீங்க கேளுங்க."

கேட்டேன். ஒன்றரை மணி நேரம் கேட்டேன். கரண்ட் கம்பியை மட்டும் ஆறு தடவை சொல்ல வைத்தேன். நாளைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறேன். அந்த மாதிரிக் கம்பெனியில் எப்படிக் கேட்பார்கள், எங்கே மடக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அப்படி எத்தனை பேரை மடக்கியிருக்கிறேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒன்று அகப்பட்டது.

ஜூலை 31, திங்கள்

தோசைக்கல்லில் இரண்டு தோசை கருகியது. பன்னிரண்டு மணிக்குத்தான் போன் வந்தது. "அக்கா, முதல் வரி எதுக்குன்னு கேட்டாங்கக்கா. பிள்ளையார் சுழின்னு சொன்னேன். சிரிச்சாங்க. வேற ஒண்ணும் தெரியல" என்றான்.

ஆகஸ்ட் 3, வியாழன்

தவசிக்கு வேலை கிடைத்துவிட்டது. 16ஆம் தேதி சேர வேண்டும். ஹார்டுவேர் கடை முதலாளியே மாலை போட்டுப் போட்டோ எடுத்திருக்கிறார், தவசி அதைக் குரூப்பில் போட்டிருக்கிறான்.

எனக்கு ரொம்ப சந்தோஷம். ரொம்பப் பொறாமை. இரண்டும் இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

ஆகஸ்ட் 9, புதன்

நேற்று மதியம் ஜெனி போட்ட புதிர்: மூட்டைகள் வரிசையாக வருகின்றன. வரிசை மாறாமல் லாரியில் ஏற்றி ஐந்து நாளில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், நாளுக்கு ஒரு நடை. லாரி குறைந்தது எவ்வளவு எடை தாங்க வேண்டும்?

நறுமுகை பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வரை உட்கார்ந்தேன். பிடிபடவில்லை. விடை அங்கேயே கீழே இருந்தது. கை அரித்தது. லேப்டாப்பை மூடிவிட்டுக் காய் வாங்கப் போனேன். தள்ளுவண்டிக்காரம்மா எனக்குக் கத்தரிக்காய் நிறுத்தாள். பெரிய படிக்கல் வைத்தாள், அதிகம், எடுத்தாள். சின்னக் கல் வைத்தாள், போதவில்லை, இன்னொன்று வைத்தாள். நான் காயை வாங்காமலே வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

காலையில் மாடியேறியதும், "போட்டுட்டேன்" என்றேன்.

ஜெனி தவசியைப் பார்த்தாள். தவசி ஜெனியைப் பார்த்தான்.

"பார்த்தீங்களா?" என்றாள் ஜெனி.

"இல்ல. சத்தியமா இல்ல."

ஜெனி சுத்தமாக இருந்த போர்டையே இன்னொரு தடவை துடைத்தாள். கோபப்பட எனக்கு வாயில்லை. சாதனை செய்து வைத்திருக்கிறேன், எப்படி நம்புவார்கள்? சரி என்று பர்ஸை எடுத்துக்கொண்டு வடை வாங்கக் கிளம்பினேன்.

"எங்கக்கா போறீங்க?" என்றான் தவசி. சாக்பீஸை நீட்டினான். "போர்டுல சொல்லுங்க."

சொன்னேன். முதலில் லாரிக்கு நூறு நூறாக எடையை ஏற்றிப் பார்ப்பது, எப்போது ஐந்து நாளுக்குள் அடங்குகிறதோ அங்கே நின்று ஒரு நூறைத் திரும்ப எடுப்பது. அப்புறம் பத்துப் பத்தாக ஏற்றுவது, ஒரு பத்தை எடுப்பது. அப்புறம் ஒவ்வொன்றாக. நடுவில் எனக்கே குழம்பி இரண்டு தடவை அழித்தேன். ஜாக்கெட் முழுக்கச் சாக்பீஸ் தூள். புத்தகத்தில் இதைப் பாதி பாதியாக வெட்டி நாலு வரியில் முடிப்பார்கள் என்று ஜெனி பிறகு சொன்னாள். என்னுடையது போர்டின் இரண்டு பக்கமும் நிரம்பிச் சுவருக்குப் போக இருந்தது.

தவசி கடைசி வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். பிறகு லேப்டாப்பில் அடித்து ஓட்டிப் பார்த்தான். மூன்று தடவை சரிபார்த்தான். விடை சரியாக வந்தது.

"ஜெனிக்கா, இது பாத்து எழுதுனது இல்ல" என்றான். "இவ்வளவு அசிங்கமா எந்தப் புத்தகத்துலயும் இருக்காது."

ஒன்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு இதுதான். சாக்பீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டதால் எரிச்சல் வேறு. இன்றைக்கு யாரும் பார்க்காததால் வடை கிடையாது, வெறும் டீதான். தவசி என் டம்ளரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தான்.

தள்ளுவண்டிக்காரம்மாவிடம் நாளைக்குப் போய் அந்தக் கத்தரிக்காயை வாங்க வேண்டும்.